தாரிணி பேரில் ஒரு மாருதி வேன்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம். என் வீட்டுக்காரரின் முதல் மனைவி மேல் எனக்குப் பொறாமை. நாகரிகமான பொறாமையெல்லாம் இல்லை, சோறு இறங்காத பொறாமை.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"குன்னூர்ச் சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு" — வேண்டாம். பனியை நின்று பார்க்க இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது?

"தாரிணி ஒரு ராட்சசி." — இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு வாரம் வைத்துக்கொண்டு அழகு பார்த்தேன். அடுத்த வரி வரவில்லை.

"வண்டி யாருடையது?" — இது இருக்கட்டும். சண்டையே இதுதான்.

2

என் வீட்டுக்காரர் சக்தி, எமரால்டு என்கிற ஊர்ப் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் பறிக்கிற பச்சை இலையை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஃபேக்டரியில் இறக்குகிறவர். அந்த மாருதி வேனை வாங்கும்போது தேயிலைக்கு நல்ல விலை இருந்தது. அவருக்குப் பெண்டாட்டியாகத் தாரிணியும் இருந்தாள். இரண்டும் நிலைக்கவில்லை.

தாரிணி அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி ஆபீசில் கிளார்க், அரசாங்க வேலை. அவளுடைய சம்பளச் சீட்டைக் காட்டித்தான் ஃபைனான்ஸில் கடன் எடுத்தார்கள். ஆகவே கடன் அவள் பேரில், ஆர்.சி. புத்தகம் அவள் பேரில், ஸ்டியரிங் மட்டும் இவர் கையில். விவாகரத்தின்போது நகை, பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் பிரித்தார்கள். வேனைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

(கட்டில் என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கட்டில் இவர் பங்குக்கு வந்தது. அதில்தான் நான் படுக்கிறேன். சரி, மேலே போவோம்.)

பிறகு தேயிலை விலை விழுந்தது. இலைக்குக் கிடைத்த காசு பறிக்கிற கூலிக்கே காணவில்லை. பாதி நாள் ஃபேக்டரியில் "இன்னைக்கு இலை வேண்டாம்" என்று கேட்டைச் சாத்தினார்கள். ஏற்ற இலை இல்லாமல் வேன் வாசலில் நின்றது; மாசாமாசம் கட்டுகிற டியூவும் நின்றது. ஃபைனான்ஸ்காரர் நேராகத் தாரிணியின் ஆபீசுக்கே போய்விட்டார். அவள் சொல்லி அனுப்பினாள்: ஒன்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் பேரை மாற்றிக்கொள்ளட்டும். இத்தனை நாள் விடாமல் பிடித்துவைத்திருந்தவள் இப்போது மிரட்டுகிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி போனால் எங்கள் பிழைப்புப் போச்சு. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை; அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் மிச்சம் உப்புக்கும் புளிக்கும்தான். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? வண்டி போகட்டும். அவள் பேர் போகவேண்டும். மாதம் தவறாமல் "தாரிணி டியூ" என்று இவர் வாயில் வருகிறதே, அதுதான் எனக்கு வேண்டாம்.

3

தாரிணி என்கிற இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் பிரதியில் தாரிணிக்கு உரத்த குரல் கொடுத்தேன். கை நிறைய வளையல் போட்டேன். "என் வண்டியில எவளோ ஒருத்தி மகாராணி மாதிரி" என்று ஒரு வசனம் — அந்த வரியை அடித்துவிட்டேன், அவள் அப்படிப் பேசியதே இல்லை. நேரில் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை போனில் அவள் குரலைக் கேட்டிருக்கிறேன். "ஏனுங்க, அவரு ஊட்ல இருக்கறாருங்களா?" அவ்வளவுதான். நல்ல குரல் வேறு, கருமம்.*

* அந்த "ஏனுங்க"வுக்கே எனக்குத் தூக்கம் போச்சு. நானும் இவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கண்டக்டரிலிருந்து கலெக்டர்வரை எல்லோரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இவரைப் பொறுத்தமட்டில் அது அவள் சொல்லிப் பழகிய வார்த்தை.

4

குன்னூரில் ஃபைனான்ஸ் ஆபீஸ் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. அங்கே மூன்று பேரும் சந்திப்பதாக ஏற்பாடு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். (கடன் ஆபீசுக்கு எவளாவது பட்டுக் கட்டுவாளா? நான் கட்டினேன்.)

தாரிணி வெளியே நின்றிருந்தாள். சாதாரண நூல்புடவை, தோளில் ஒரு பை. வேனைக் கண்டதும் அவள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை.

எங்கள் வேனில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. ஏற்றத்தில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்தாகவேண்டும். மலையில் பக்கத்துச் சீட்டுக்காரர் இறங்கிக் கல் வைப்பார். டிரைவர் அதுவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார். நான் கூட இருக்கும்போது இவரே முதல் கியரில் போட்டுவிட்டு, ஓடி இறங்கி வைப்பார். என்னை ஒருநாளும் இறங்கச் சொன்னதில்லை. அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன்.

வேன் நின்றது. தாரிணி சாக்கடையோரம் கிடந்த கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டு, காலால் ஒரு தள்ளு தள்ளி, வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போதும் தாரு" என்று காலை எடுத்தார்.

தாரு.

அவளே ஒரு நிமிடம் தடுமாறிப்போய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பழக்கதோசமுங்க" என்றாள், என்னிடம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

5

உள்ளே நல்லசாமி, ஃபைனான்ஸ்காரர், நாற்காலி எடுத்துப் போட்டார். நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

"ஏனுங்க, வண்டி இவருக்குச் சோறு போடறதுங்க. அதைப் புடிச்சு வெச்சுட்டு உங்களுக்கு என்ன வருது?" என்று தாரிணியைக் கேட்டேன்.

"நான் எங்கீங்க புடிச்சேன்? எனக்கு அந்த வண்டியே வேண்டாமுங்க. ஆபீசுல தலை நிமுர முடியல. என் பேரை எடுத்துட்டாப் போதும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் எடுக்கல?"

தாரிணி நல்லசாமியைப் பார்த்தாள். நல்லசாமிதான் சொன்னார், ரொம்ப இயல்பாக. "அம்மணி, இந்தம்மா போன ஆடியிலயே வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்க சம்பளச் சீட்டும் ஒரு ஜாமீன் கையெழுத்தும் இருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமுங்க. சக்திதான், கொஞ்ச நாளைக்கு அவ பேர்லயே கெடக்கட்டும்னாப்ல."

போன ஆடியில் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

தாரிணிதான் விடமாட்டேன் என்கிறாள் என்று இவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன். சொன்னதே இல்லை. அந்தக் கதையை நானே எழுதிக்கொண்டு, நானே படித்து, நானே எரிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இவங்க எங்க போடோணுங்கறதைக் காட்டுங்க நல்லசாமி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் தாரிணி. பேனா என் கைக்கு வந்தது. இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

இங்கே நிற்கிறது கதை. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) நான் கையெழுத்துப் போடுகிறேன். வண்டி எங்களுக்கு. தாரிணி பஸ் ஏறிப் போய்விடுகிறாள், இனி வரமாட்டாள். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, வயிறு மட்டும்

ஆ) போடவில்லை. வண்டி ஏலத்துக்குப் போகிறது. பொறாமைக்காரி வீட்டில் பட்டினி என்று ஊர் சிரிக்கிறது.

இ) வெளியே போய் அந்தக் கல்லை எட்டி உதைக்கிறேன். (எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே ஒரு தக்காளிக் கடை இருக்கிறது. அந்த மனுசன் என்ன பாவம் செய்தார்?)

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்பீர்கள். சோம்பலாக இருக்கலாம். அரசாங்கச் சம்பளக்காரி பேர் இருந்தால் ஃபைனான்ஸ்காரர் கொஞ்சம் பொறுப்பார் என்ற கணக்காக இருக்கலாம். இதை நம்பிவிட நான் படாத பாடு படுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை என் கையால் எழுதமாட்டேன்.

முடிவு உங்களுடையது. போடவையுங்கள், கிழிக்கவையுங்கள், அழவையுங்கள், எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று என்னை அவரிடம் கேட்கமட்டும் வைத்துவிடாதீர்கள். அவர் தானாக எதையும் சொல்கிற ஆள் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.