ம் கொட்டாத இடங்கள்

புரட்டாசி பிறந்ததும் குத்தாலிங்கம் செய்கிற முதல் காரியம், தகரப்பெட்டியிலிருந்து கதை நோட்டை எடுத்து வெயிலில் காயப்போடுவது. மூன்று மாதச் சாரலில் தாளெல்லாம் நமத்துப் போயிருக்கும். சீசனில் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. சாவி கொடுக்க வேண்டும், வயசாளிகளுக்கு வெந்நீர் போடச் சொல்ல வேண்டும், குரங்கு தூக்கிக்கொண்டு போன வேட்டிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆவணி கழிந்தால் அருவி மெலிந்துவிடும். எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். தின்னப் போடுவதற்கு ஆளில்லாமல் குரங்குகளுக்கே முகம் வாடிவிடும். அப்புறம் கார்த்திகைக் கூட்டம் வரும்வரை, இலஞ்சியில் வீட்டோடு கிடந்து கதையைத் திருத்துவார். ஏழு புரட்டாசியாக ஒரே கதை!

திருத்துவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்கட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். எழுத்து தெரியாத அவர் பெண்டாட்டி கோமதியம்மாள் அடுப்படிக்குள் மொச்சை உரித்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவாள். ஒருத்தர் ம் கொட்டாவிட்டால் கதை சொல்லுகிறவனுக்கு எங்கே சொல்ல வரும்? அவளுடைய ம்முக்கு அவர் அப்படி ஒரு மதிப்பு வைத்திருந்தார். ம் வராத இடத்தில், தலையைத் தூக்காமலே தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். கண்ணசந்துவிட்டாள், இல்லையென்றால் பிடிக்கவில்லை. எதுவானாலும் அந்த இடம் உருப்படி இல்லை என்று கணக்கு. மாசக் கடைசியில் புள்ளி விழுந்த பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைத்து எழுதுவார். கிழித்த தாள் அடுத்த சீசனுக்குப் பங்களா வெந்நீர் அடுப்பில் தீ மூட்ட ஆகும். போன வருசம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் ம் நிற்கவே இல்லை. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. கதை தேறிவிட்டது, இன்னும் ஒரு தடவை பார்த்து மதுரைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று இருந்தார்.

மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் கோமதியம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

அவள் தங்கச்சி சங்கரம்மாள் ஆய்க்குடியில் வாழ்க்கைப்பட்டவள். சனிக்கிழமை தோறும் வந்து ரெண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி புளிக்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். இந்தப் புரட்டாசியில் அவர் நோட்டைப் பிரித்த அன்றைக்கும் வந்திருந்தாள்.

“சங்கரம்மா, நான் வாசிக்கேன். நீ அடுப்படில இருந்து ம் கொட்டேன். உங்கக்கா நெனச்சபடியே இத முடிச்சிரணும்.”

அவள் அடுப்படிக்குள் போய் அக்கா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து ம் கொட்டினாள். வெயில் தாழ்கிற நேரத்துக்குக் கதை முடிந்தது. நிலைப்படியில் வந்து நின்றாள்.

“புள்ள எங்க, அத்தான்?”

“எந்தப் புள்ள?”

“கதைல வருவானே. அருவின்னு சொல்ல வராம அவுரிம்பானே. அக்கா சொல்லியிருக்கா.”

அவர்களுக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று. சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கியதால் பிச்சையா என்று பேர். இரண்டரை வயசில் பேதி கண்டு போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுத்ததில்லை. அவர்தான் பேரில்லாத பயலாக அவனைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“அது அவளுக்குப் பிடிக்கல. அவன் வந்தாலே ம் நின்னுரும். அதான் எடுத்துட்டேன்.”

“பிடிக்கலையா? அய்யோ அத்தான்! முந்தானைய வாய்ல வச்சு அமுக்கிட்டு இருப்பாளாம். வாயத் தொறந்தா அழுகை வந்துருமேன்னு. ‘நம்ம புள்ளய அவுக உசுரோட வச்சிருக்காகட்டி’ன்னு எங்கிட்ட எத்தனை மட்டம் சொல்லியிருக்கா! புரட்டாசி எப்ப வரும்னு இருப்பா. வருசா வருசம் கொறஞ்சிட்டே வந்தான், இந்த வருசம் வரவே இல்லட்டின்னு போன ஐப்பசில வந்து அழுதா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே.”

“அவுகளுக்கே தாங்க முடியாமத்தான் எடுத்துட்டாக, நாம கேட்டுக் கிண்டக் கூடாதுன்னா.”

சுடுகாட்டில் ஒரு தடவை விட்டுவிட்டு வந்த பிள்ளையை அவர் கையாலேயே பக்கம் பக்கமாகக் கிழித்து எரித்திருக்கிறார். அந்த வெந்நீரில் யார் யாரோ குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுப்படியை ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் போதுமே! ‘கோமதி, நான் தாங்குவேன்ட்டி’ என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்லுவது?

சங்கரம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அதில் எழுத்து இல்லை.

“போய் உக்காரு. எழுதிக்கிட்டே சொல்லுதேன். எல்லாம் ஞாபகம் இருக்கு.”

அவள் உள்ளே போனாள். அய்யா தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு பயல் அருவிக்கரைக்கு வருகிறான் என்றார்.

“ம்.”

சாரல் முகத்தில் அடித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான் என்றார்.

“ம்.”

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, கையை நீட்டி, “அவுரி” என்றான்.

அடுப்படியில் சத்தம் இல்லை. குத்தாலிங்கம் தலையைத் தூக்காமல் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். வைத்துவிட்டு, அடுத்த வரியைச் சொல்லாமல் காத்திருந்தார்.