மணல் தட்டிய இடம்

அந்தக் கணினிப் போர் விளையாட்டில் மலைபோன்ற கப்பல்கள் கரைவரை வந்து ஒட்டி நின்றன. சிப்பாய்கள் பேருந்திலிருந்து இறங்குவதுபோல மணலில் கால் வைத்தார்கள். "இந்தக் கடலுக்கு அடியே கிடையாதா?" என்று ஆடுகிறவர்கள் கிண்டலடித்து எழுதினார்கள். எங்கே முழங்காலளவு, எங்கே ஆள் முழுகும், எங்கே கப்பல் தட்டும் என்று கரையோரக் கடலை, நிஜப் போர் நடந்த அன்று இருந்தபடியே திருத்திவிடுவது என நிறுவனம் முடிவு செய்தது.

வரைபடப் பிரிவில் நிலமும் நீரும் அவள் பொறுப்பு. அந்தக் கரையை அவளே கேட்டு வாங்கினாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா அந்தப் போரில் படகோட்டி. சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் அதே கரையில் இறக்கியவர். அந்தப் படகில் போன தாய்மாமன் திரும்பி வரவில்லை. படகு மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது, முன்கதவை அங்கேயே இறக்க வேண்டியதாயிற்று, திட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம், முதுகுச் சுமையோடு குதித்தவர்கள் கல்லாய் மூழ்கினார்கள் என்பது அப்பா சொல்லும் கதை. சாவுச் செய்தி சொல்ல மாமனின் வீட்டுக்குப் போன அப்பா, பிறகு அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையானார். அம்மா இன்றுவரை மணலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவின் வாய்ச்சொல்லை வைத்தே அவள் திட்டை வரைந்தாள். படகுகள் தட்டின, சிப்பாய்கள் குதித்து மூழ்கினார்கள். மேலாளர் பார்த்துவிட்டு, "நெஞ்சு பதறுதும்மா, பிரமாதம்" என்றார்.

வரலாற்றுத் தகவல்களைச் சரிபார்க்கும் ஆளுக்கு அலுவலகத்தில் 'தராசு' என்று பெயர். அவர் வந்து அவள் திரையைப் பார்த்தார்.

"இங்க திட்டே கிடையாதே. போருக்கு முன்னாடியும் அளந்திருக்காங்க, பின்னாடியும் அளந்திருக்காங்க."

"மணல்தானே, நகரும். ஒரு வருஷம் வரும், மறு வருஷம் போயிடும்."

"மணல் நகரும். அங்க அடி பூரா பாறை. பாறை நகருமா?"

"அப்ப படகு எதுல தட்டுச்சு?"

"எதுலயும் தட்டல. எவனோ படகோட்டி பயந்துபோய் முன்னாடியே கதவ இறக்கிட்டான், வேறென்ன?"

அவள் திரையில் திட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

மேலாளருக்குத் திட்டை விட மனமில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

"சாணுக்கும் முழத்துக்கும் நடுவுலதான் சார் ஆள் சாகுறான்" என்றார் தராசு.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் திட்டை அழித்தாள். போர் நடந்த அன்று காலையின் நீர்மட்டத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். படகு எங்கும் நிற்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீர்வரை போய்க் கதவைத் திறந்தது. சிப்பாய்கள் நடந்தே கரையேறினார்கள். அவர்களில் கடைசியாக வந்த ஒரு சின்ன உருவம் மணலில் ஏறும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள்.

வீட்டுக்குப் போனபோது அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு அவள் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கரையில அடி மணலா, பாறையா?"

"மணல்தான். எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"பாறைன்னு அளந்து வெச்சிருக்காங்கப்பா. திட்டே இல்லியாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பார், கத்துவார் என்று அவள் நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பக்கத்துப் படகு பத்தி எரிஞ்சுது" என்றார். "கத்துறது கேக்குது. இன்னும் கொஞ்சம் போனா நாமளும் அவ்வளவுதான்னு தோணுச்சு. கதவ இறக்கிட்டு, வண்டியத் திருப்புற மாதிரி திருப்பிட்டேன்."

"அவனுக்கு நீச்சல் தெரியாது" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏறும்போதே சொன்னான். 'அண்ணே, கொஞ்சம் கரையோரமா விட்டுடுங்க, எனக்கு நீச்சல் வராது'ன்னான். சரிடா தம்பின்னேன்."

அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். விடிந்ததும் ஒரு பையோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தில் மகளிடம் மட்டும் சொன்னாள்: "துக்கம் சொல்ல வந்த மனுஷன்னு நெனச்சுல்ல கதவத் தொறந்தேன்."

"அம்மா, நான் கேக்காமலே இருந்திருக்கலாம்."

"கேட்டது தப்பில்ல. நான் இத்தன வருஷம் கேக்காததுதான் தப்பு."

திட்டு இல்லாத கடல்தான் வெளியானது. மேலாளர் முணுமுணுத்தார், தராசு கைகொடுத்தார். அந்தக் கை யாருடைய மகளின் கை என்று அவருக்குத் தெரியாது. 'இப்ப இறங்குறது ரொம்ப ஈஸியாயிடுச்சு' என்று ஆடுகிற ஒருவர் குறைப்பட்டு எழுதியிருந்தார்.

அம்மா திரும்பவில்லை. தினமும் மகளோடு பேசினாள். அவரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. சமையலும் அப்பாவின் மாத்திரையும் மகள் தலையில் விழுந்தன. அவர்மேல் ஆத்திரம் வரும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தால் அதுவும் முழுசாக வராது. அவளே போட்டுவிடுவாள், முகத்தைப் பார்க்காமல்.

ஒரு விடுமுறை நாளில் அவரே கேட்டார். "நீ பண்ணினதக் காட்டேன்."

காட்டினாள். படகுகள் வரிசையாக வந்தன. பக்கத்தில் ஒன்று எரிந்தது. மற்றவை விலகாமல் போய் இடுப்பளவுத் தண்ணீரில் கதவைத் திறந்தன. அப்பா திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத யாரு ஓட்டுறா?"

"யாருமில்லப்பா. கம்ப்யூட்டர்தான்."

"அதான் போகுது" என்றார்.

சின்ன உருவங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. அப்பா விரலை நீட்டி அவற்றை எண்ண ஆரம்பித்தார்; பாதியில் எண்ணிக்கை தப்பி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.