கண்ணுக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி. பேர் சொல்ல மாட்டேன், வம்பு. என் மண்டையில் செதில் செதிலாக உதிருது, அதுக்கு மருந்து வாங்கப் போனேன். டாக்டர் அறைக்குள்ளேயே பெஞ்சு. அடுத்தவன் சங்கதியெல்லாம் காதில் விழும். பக்கத்தில் துல்கர்னைன், தறிக்காரர். அவர் மகள் ஹம்னா.

"சாரல் விழுந்துகொண்டிருந்த குற்றாலத்தில்..."

தள்ளு. இந்தப் பக்கத்துக்காரன் எழுதினால் சாரலில்தான் ஆரம்பிக்கணும் என்று எவன் சொன்னான்? அன்றைக்கு வெயில் கொளுத்தியது.

2

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தறி மோட்டாரின் பெல்ட் ஹம்னாவின் சடையை இழுத்துவிட்டது. உச்சந்தலைத் தோலோடு போயிற்று. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது, அங்கே முடி முளைக்காது.

இப்போது இந்த டாக்டர் ஆராய்ச்சி பண்ணுகிறான். முடியுள்ள தோலுக்கு அடியில் பலூனை வைத்து, வாரா வாரம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றி, தோல் விரிந்ததும் இழுத்து வழுக்கையை மூடுவது. ஹம்னாவுக்குப் பலூன் வைத்தாச்சு. தலையை மூடின துப்பட்டிக்குள் ஒரு பக்கம் வீங்கி நிற்குது. (தலை எப்படி இருந்தது என்று கேட்பீர். எழுத மாட்டேன்.)

சொந்தக்காரிகள் சொன்னார்களாம்: "மூடத்தானட்டி போற, உனக்கு எதுக்கு முடி? யாரு பாக்கப் போறா?"*

"குளிச்சிட்டுத் துவட்டுதேன்லா, என் கைக்குத் தெரியுதுல்லா?" என்றாளாம் ஹம்னா.

* என்னுது எழுபது வயசு மண்டை. இதை யார் பார்க்கப் போறா என்று ஒரு பய கேட்கவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தான். வாங்கியும் நான் எழும்பவில்லை.

3

டாக்டரைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. மெதுவாகத்தான் பேசினான். அதுதான் எனக்கு எரிச்சல்.

"அடுத்த வாரம் கடைசி ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்சப்புறம் ஒண்ணு, தலையைப் போட்டோ எடுக்கணும்மா. மருத்துவப் பத்திரிகையில வரும். இந்தச் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க."

"தலையைத் திறந்தா சார்?"

"பயப்படாதீங்க. கண்ணுக்கு மேல கறுப்புப் பட்டை போட்டுருவோம். அடையாளம் தெரியாது."

ஹம்னா சிரித்தாள். "நான் கண்ணைக் காட்டிட்டுத் தலையை மறைக்கவ. நீங்க கண்ணை மறைச்சிட்டுத் தலையைக் காட்டுவியளாக்கும்?"

"முடி வேணும்னுதானே வந்தீங்க? அப்புறம் என்ன கூச்சம்?"

பார்த்தீரா? மூடுகிறவளுக்கு முடி எதுக்கு என்றார்கள் அவர்கள். முடி கேட்கிறவள் எதுக்கு மூடணும் என்கிறான் இவன். அவள் தலைக்கு அவளைத் தவிர எல்லாரும் சொந்தக்காரர்கள்.

"போடாட்டி?"

"ஆராய்ச்சியில இருந்தாத்தான் இலவசம்மா. இல்லன்னா பலூனை எடுத்துட்டுத் தையல் போட்டு அனுப்பிருவோம்."

4

துல்கர்னைன் மேசையை ஓங்கி அடித்து, "ஏலே டாக்டரே..."

[அடிக்கவில்லை. அடித்திருந்தால் கதை நன்றாக இருக்கும்.]

ஊசி ஏறும்போதெல்லாம் மகள் இறுக்கிப் பிடித்தது அவர் கையைத்தான். அத்தனை வலியும் வீணாகப் போகுதே என்றுதான் அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ஒரு போட்டோதானே புள்ள. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா வாப்பா."

"முடி வந்துட்டா மறந்துருவ."

"நீங்க மறந்துருவிய."

பேனா அவள் கையில்.

5

ஒரு முடிவு: போட்டாள். முடி வந்தது. எங்கேயோ ஒருத்தன் டீ குடித்துக்கொண்டே அவள் தலையைப் பெரிதாக்கிப்... சீ.

இன்னொன்று: போடவில்லை. பலூனை எடுத்தார்கள். துவட்டும்போது கை அந்த வழுக்கையிலேயே போய் நிற்குது.

மூன்றாவது: டாக்டர் வெட்கப்பட்டு, "போட்டோ வேண்டாம்மா..." பொய். அவன் மணியைப் பார்த்தான்.

உமக்கு முடிவு வேணும். சரி. உம்ம உடம்பிலும் ஒருத்தருக்கும் காட்டாத இடம் ஒண்ணு இருக்கும்லா? அதைப் போட்டோ எடுத்து இந்தப் பக்கத்தில் ஒட்டும். கண்ணை நான் மறைச்சுத் தாரேன். ஒட்டிட்டு, அவ கையெழுத்துப் போடணுமா வேண்டாமான்னு சொல்லும்வே.