லேப்டாப்பின் முதுகில் ஒரு துண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். மரிகினா நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் எர்லிண்டா அம்மாவும் அவர் மகள் ரோடலினும் இருக்கிறார்கள். திருவிழா நாள் காலையில் ரோடலின் தன் கேமிங் லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டு அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இங்க வெளிச்சம் காட்டுங்க. மூச்சு மட்டும் விட்டுடாதீங்க, திருகாணி பறந்துடும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்தக் கதை என் தலையில் ஏறி உட்கார்ந்தது. இறக்கிவைக்க எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கறுத்துப்போன திரையில் தன் முகத்தைக் கண்ட ரோடலினுக்கு, வாழ்க்கையே ஒரு—"

அடித்துவிட்டேன். கறுத்த திரையில் முகம் பார்க்கிறவளா அவள்? திட்டுகிறவள்.

இரண்டாம் முயற்சி: "கிராஃபிக்ஸ் கார்டு என்பது யாதெனில்—"

எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: ஆட்டம் சூடுபிடித்தால் போதும், திரை நடுங்கும், பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடும், அப்புறம் மொத்தமும் கறுத்துப்போகும். ஒரு வாரமாக இதே கூத்து. அன்று மதியமோ திருவிழாவின் வீடியோ கேம் போட்டியில் இறுதி ஆட்டம்; சுட்டு விளையாடும் ஆட்டம். ஐந்து பேர் அணியில் ரோடலின் ஒருத்திதான் பெண். அந்த இடத்துக்காக அவள் இரண்டு வருடம் வெளியில் நின்று காத்திருந்தாள். அணித்தலைவன் ஜெப்போய் விடிந்ததுமே வாசலுக்கு வந்துவிட்டான்.

"இன்னொரு வாட்டி உன் திரை கறுத்துச்சுன்னா, உன் எடத்துல என் சித்தி பையன்தான், ரோடா. கோச்சுக்காத."

"உன் சித்தி பையனா? போன வருஷம் நம்ம ஆளையே சுட்டவன்டா அவன்!"

"சுட்டான்தான். கடைசி வரைக்கும் திரை தெரிஞ்சுச்சுல்ல?"

3

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. புது டிரைவர் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டாள். கறுத்தது. ஆட்டத்தில் நிழலைக் குறைத்தாள், புல்லைக் குறைத்தாள், கடைசியில் சிப்பாய்கள் எல்லாரும் பிசைந்துவைத்த மாவு மாதிரி ஆனார்கள். அப்போதும் கறுத்தது. சூட்டைக் காட்டும் எண்ணைத் திரை மூலையில் வரவழைத்துப் பார்த்தால், அது ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஆக, சூடுதான் வினை.

லேப்டாப்புக்கு எதிரே மேசை விசிறியை வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விசிறி சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தாள். மறுபடியும் சுவர்.

(இந்த இடத்தில் ஒரு பேயைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். பேய்க் கதைக்கு நல்ல கிராக்கி. ஆனால் டார்ச் என் கையில் இருந்ததே, நான் பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும்.)

மூடி திறந்தது. உள்ளே சூடு வெளியேறும் தகடுகளுக்கு நடுவே அடைஅடையாக ரோஸ் நிறப் பஞ்சு. ரோடலின் ஊசியால் அதைக் கிளறி எடுத்து உற்றுப் பார்த்தாள்.

"இது நம்ம வீட்டுத் துண்டாச்சே. அம்மா!"

எர்லிண்டா அம்மா கரண்டியோடு வந்தார். மறைக்கவெல்லாம் இல்லை.

"ஆமா, நீ இல்லாதப்ப நான்தான் போட்டேன்."

"லேப்டாப் மேலயா?"

"மேல இல்லடி, முதுகுல. பாவம், கொதிக்கக் கொதிக்கக் கெடக்குது. நீ பாட்டுக்கு விசிறிய அது மேல திருப்பிட்டுப் போயிடுற. சூட்டுல குளிர் காத்து பட்டா பாஸ்மா* வராதா? சின்னதுல நீ வேர்த்து ஓடியாந்தா உன் முதுகுல துண்டு சொருகுனேனா இல்லையா?"

"அம்மா, அது மெஷின்மா!"

"மெஷினாம். திரை நடுங்குதுன்னு நீதானே சொன்ன? பாஸ்மா வந்தாத்தான் நடுங்கும்."

நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். திருகாணிகள் பறந்தன. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம்.

* சூடேறிய உடம்பில் குளிர் பட்டால் வரும் நோவு. டாக்டர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. இங்குள்ள அம்மாக்கள் இந்த விஷயத்தில் டாக்டர்களைக் கேட்பதும் இல்லை.

4

கதைக்கு ஒரு கோமாளி கிடைத்துவிட்டார் என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். முடிவும் அப்போதே தயார். முடிவு அ: ஆட்டத்தின் உச்சத்தில் எர்லிண்டா அம்மா ஓடிவந்து லேப்டாப்பின் மேல் துண்டைப் போடுவார், திரை கறுக்கும், ஊரே சிரிக்கும், மகள் அழுவாள்.

நான் குறிப்பெடுப்பதை ரோடலின் பார்த்துவிட்டாள். "எங்களைப் பத்தியா? அப்ப என்னை ஜெயிக்க வைங்க. ஜெப்போயைக் கொஞ்சம் குட்டையாக்கிடுங்க."

(அவன் ஏற்கெனவே குட்டைதான்.)

5

கூடைப்பந்துத் திடலின் தகரக் கூரைக்குக் கீழே ஊரே திரண்டிருந்தது. பஞ்சைச் சுத்தமாக எடுத்தாயிற்று. ஆனால் கூரையே அடுப்பாகக் காய்ந்தால் லேப்டாப் என்ன செய்யும்? கடைசிச் சுற்று, இரண்டு அணியும் சமம். சூட்டு எண் தொண்ணூறைத் தாண்டியது. திரை நடுங்கியது. ஒரு பச்சைக் கோடு ஓடியது.

"ரோடா, கறுக்கப்போகுது!" ஜெப்போய் கத்தினான். அவன் சித்தி பையன் தன் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

எர்லிண்டா அம்மாவும் எழுந்தார், தோளில் ரோஸ் துண்டோடு. இதோ நடந்து வருகிறது என் முடிவு அ என்று பேனாவைத் திறந்தேன்.

அவர் மகளிடம் போகவில்லை. பெரிய மனிதர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த வரிசைக்குப் போனார். அங்கே நின்ற ஆளுயர விசிறியை ஒயரோடு இழுத்தார். காகிதத் தட்டுகள் பறந்தன. "ஏம்மா, ஏம்மா!" என்று யாரோ அலறினார். திரும்பியே பார்க்காமல், விசிறியை மேசைக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, கொதிக்கிற லேப்டாப்பைப் பார்த்து முழு வேகத்தில் முடுக்கினார். துண்டை மகளின் முதுகில் சொருகினார். வேர்த்து ஒழுகும் உடம்போடு, மகளின் தோளுக்கும் காற்றுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

"அம்மா, உனக்குத்தான் பாஸ்மா வந்து—"

"நீ ஆடுடி. பாஸ்மாவ நான் பாத்துக்கறேன்."

இதை நான் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் நான்காம் பகுதியிலேயே எழுதியிருப்பேன். வெட்கமாகவும் இருந்தது, விசிலடிக்கவும் தோன்றியது, விசிலடித்தேன்.

6

எண் இறங்கத் தொடங்கியது. கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. யாருக்காக? தெரியாது, நான் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்ற எர்லிண்டா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்; சொல்வதாக இல்லை.

ரோடலினை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் உங்கள் பாடு. ஜெப்போயின் உயரம்கூட உங்கள் விருப்பம். அம்மாவை மட்டும் அந்தக் காற்றிலிருந்து நகர்த்தப் பார்க்காதீர்கள். நான் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன், நகரமாட்டேன் என்கிறார்.