தேவகி பெரியம்மாவின் கல்

பொதட்டூர்பேட்டைச் சாலையில், அம்சாவின் வயலை ஒட்டி ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல். அம்சாவின் அப்பா துளசிங்கம் தன் முதல் மனைவி தேவகிக்காக நட்டது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவள் அவள். வழியில் போகிறவர்கள் அந்தக் கல்லில் சுமை இறக்க இறக்கத்தான் அவள் பாரம் குறையும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

அம்சா இரண்டாம் தாரத்தின் பெண். அவள் அம்மா மூத்தவளைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் புல்லுக்கட்டைக் கல்மேல் தள்ளும்போதெல்லாம், "அக்கா, கொஞ்சம் புடிச்சிக்கோ" என்பாள், பக்கத்தில் ஆள் நிற்பது போலவே. பாவாடை கட்டிய வயதில் அம்சா அந்த ஆளைத் தேடிக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். தயிர்க்காரிகள், நூல் மூட்டைக்காரர்கள் என்று கல்லுக்கு அப்போதெல்லாம் ஓய்வே கிடையாது.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தார்கள். அம்சா ஓடிப்போய்ப் பிடித்தது ஸ்ரீதரை. பள்ளிக்கூட வாத்தியார், ஊர் ஊராகப் பழங்கல் தேடும் சங்கத்தின் செயலாளர். அவன் நாயாய் அலைந்து, கல்லை ஓரமாக நகர்த்தி நட வைத்து, 'தேவகி நினைவுச் சுமைதாங்கி' என்று நீலப் பலகையும் வைத்தான். பெரியம்மாவின் பெயரைப் பார்த்து அம்சா அழுதேவிட்டாள். பின்னாலேயே வந்தது வினை. கல்லைச் சுற்றி ஆள் உயரக் கம்பி வேலி, கதவு, பூட்டு, 'தொடாதீர்கள்' என்று இன்னொரு பலகை.

"இன்னா ஸ்ரீதரு, பூட்டிட்டா யாரு சுமை வப்பாங்க?"

"இப்போ யாரு அக்கா தலையில சுமந்துகினு போறாங்க? தொறந்து வச்சா போஸ்டர் ஒட்டிட்டுப் பூடுவானுங்க."

காப்பாற்றிக் கொடுத்தவனிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது? பெரியம்மாவைக் கூண்டில் அடைத்துவிட்டோமே என்று அம்சாவுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. சாலை முழுக்க மஞ்சள் வேட்டி, அரோகரா. அம்சா வயலோரம் நின்று நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பூக்காவடியோடு வந்த ஸ்ரீதர் அவள் எதிரிலேயே தள்ளாடி நின்றான். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்; பின்னால் வருகிறவர்கள் தோளிலெல்லாம் அவரவர் காவடி. மலைக்கோயில் போய்ச் சேரும்வரை காவடி தரையில் படக் கூடாது. விரதம் இல்லாத கை தொடவும் கூடாது. அம்சா காலையிலேயே இட்லி தின்றவள்.

"அக்கா... அந்தக் கல்லு..."

"ஆங், கல்லு அங்கதான் கீது. சாவி எங்க?"

"வூட்ல."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அம்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒடைங்கக்கா!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

இதற்காகவே காத்திருந்தவள் போல வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். அதன் பின்பக்கத்தால் ஓங்கிப் போட்டதில் பூட்டு தெறித்து விழுந்தது. ஸ்ரீதர் நொண்டிக்கொண்டே உள்ளே போய், காவடியைக் கல்மேல் இறக்கினான். நெஞ்சு உயரத்தில் அது அலுங்காமல் உட்கார்ந்தது. அப்பா பார்த்து வைத்த உயரம், நகர்த்தி நட்டபோதும் மாறவில்லை.

ஸ்ரீதர் காலை நீவிக்கொண்டு கல்லையே பார்த்தான்.

"கதவு இனிமே தொறந்தே இருக்கட்டும்க்கா."

அம்சா கல்லின் ஓரத்தில் கை வைத்தாள். வெயிலில் சூடேறியிருந்தது.

"பெரீம்மா," என்றாள், "கொஞ்சம் புடிச்சிக்கோ."