கூப்பிடாமல் போன நான்கு நாள்

கூட்ட அறையில் ஏசி இருபத்தாறில் இருந்தது. மின்சிக்கனமும் அன்றைய பேச்சில் ஒன்று. மேசையின் இந்தப் பக்கம் எங்கள் வனத்துறை, அந்தப் பக்கம் அண்டை நாட்டு வனத்துறை. இரண்டுக்கும் வேர்த்தது.

"சிக்கனத்தைப் பத்திப் பேசி முடிக்கிறதுக்குள்ள ஆவியாயிடுவோம் போலிருக்கு," என்றார் எங்கள் ரேஞ்சர். யாரும் சிரிக்கவில்லை. திரையில் படம் வந்துவிட்டது.

எல்லைக் கோட்டில் இருக்கும் சிமெண்டுத் தொட்டி. சுற்றிலும் பதினொரு காட்டெருமைகள். ஒன்று காய்ந்த சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் இரண்டு கன்றுகள் செத்துக் கிடந்தன.

வறட்சிக் காலத்தில் அந்தத் தொட்டியை இரு நாடும் நிரப்புவதாக ஒப்பந்தம். ஒரு வாரம் எங்கள் மோட்டார், ஒரு வாரம் அவர்களுடையது. இரண்டும் சேர்ந்து ஓடினால் மின்சாரமும் வீண், நிலத்தடி நீரும் வீண். அதனால் ஒரு விதி. முறை வந்தவன் தன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபக்கத்துக்குப் போன் செய்து "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவன் நிறுத்தலாம்.

எங்கள் மோட்டாருக்கு நான். அவர்களுடையதற்கு என் மனைவியின் அண்ணன். எங்கள் கல்யாணமே அந்தப் போனில் தொடங்கியதுதான். ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். தங்கை எடுத்துப் பேசினாள்.

போன மாதம் அவள் இறந்துபோனாள். நான் விடுப்பில் இருந்தேன். "நீங்க எழுந்து வர்ற வரைக்கும் உங்க முறையும் சேர்த்து நானே ஓட்டுறேன் மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

இருபத்தாறாம் நாள் வேலைக்கு வந்தேன். கையெழுத்துப் போட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. வாராந்தரப் பணிப்பட்டியல் வழக்கம்போல எல்லை தாண்டிப் போனது. அதில் என் பெயர் இருந்ததைப் பார்த்து ஞாயிறு மாலை அவர் தன் மோட்டாரை நிறுத்தினார். போனுக்குக் காத்திருக்கவில்லை. நான் மோட்டார் அறையைத் திறக்கவே இல்லை. அவர் ஓட்டுகிறார் என்று இருந்துவிட்டேன். நான்கு நாள்.

"போன் வராம நிறுத்தினது எங்க ஆளோட தப்பு," என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. "தினக்கூலிதான். இன்னியோட அனுப்பிடறோம். இதை வச்சு ஒப்பந்தம் கெட வேண்டாம்."

மச்சான் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க," ரேஞ்சர் என் காதில் சொன்னார். "நீ வாயைத் திறந்தே, நான் கெட்டேன்."

எழுந்தேன்.

"அந்த வாரம் என் முறை சார். வேலைக்கு வந்துட்டேன்னு அவர்கிட்ட நான் சொல்லல. மோட்டாரும் போடல."

"ஏன்?" என்றார் அந்த அதிகாரி.

"போன் பண்ண முடியல."

"சிக்னல் இல்லையா?"

"இருந்தது சார்."

ரேஞ்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டக் குறிப்பைத் திருத்தி எழுதினார்கள். எனக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு கிடையாது. மச்சானுக்கு எச்சரிக்கை மட்டும். கன்றுகள் இரண்டும் குறிப்பில் அப்படியே இருந்தன.

வெளியே வந்ததும் மச்சான் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"யாரு உங்களைப் பேசச் சொன்னது?"

"உங்க வேலை போயிருக்கும்."

"போகட்டுமே. பெரிய ராஜா உத்தியோகம்!"

"நீங்க ஏன் போனுக்குக் காத்திருக்கல?"

"பட்டியல்ல உங்க பேரைப் பார்த்தேன். அப்பாடா, வந்துட்டாருன்னு நினைச்சேன். இந்த நேரத்துல உங்களைப் பேச வச்சுப் படுத்த வேணாம்னு நிறுத்திட்டேன்." மூச்சு விட்டார். "நீங்க ஏன் பண்ணல? ஒரு நிமிஷம். ஒரே வார்த்தை."

பொய் எதுவும் தோன்றவில்லை.

"நீங்க ஹலோன்னு இழுக்கிறது அவ இழுக்கிற மாதிரியே இருக்கு மச்சான்."



"எனக்கு மட்டும்?" என்றார். "நான் வாயைத் திறந்தா எனக்கும் அதேதான் கேக்குது. உங்களுக்குப் போனை வச்சுட்டா முடிஞ்சது. நான் எதை வைக்கிறது?"

அவர்கள் ஜீப் ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை உங்க முறை. கூப்பிடலேன்னா நான் நிறுத்த மாட்டேன். தொட்டி வழிஞ்சு காடெல்லாம் ஓடினாலும் சரி, எவன் வந்து கேட்டாலும் சரி."