சந்தா கட்டாத வாசகி

"இதுக்கு மேல ஆட்டோ போவாது. எறங்கி நடங்க" என்று போலீஸ்காரர் தடியால் கூரையைத் தட்டினார்.

பௌர்ணமி. மத்தியானத்திலேயே கிரிவலக் கூட்டம் செங்கம் ரோட்டை அடைத்திருந்தது. மணிமொழி இறங்கி, செருப்பில்லாத கால்களுக்கு நடுவே இடம் தேடித் தேடி நடந்தாள். யாரோ ஒரு அம்மாள், "சாமியப் பாக்க எதுக்குமா இந்த ஓட்டம்?" என்றாள். மணிமொழி நிற்கவில்லை.

அம்மாவை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் அம்மா கஞ்சி குடித்தாள். அப்பாவும் தைரியமாகக் கிளம்பிப் போனார். சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் மூச்சு மாறியது.

"அப்பா எங்க?" என்றாள் அம்மா.

"மண்டபத்துலமா. பத்திரிகை வெளியீடு."

"இட்டுனு வா."

அவ்வளவுதான் சொன்னாள். பொன்னி எந்தக் கூட்டத்திலிருந்தும் கணவரைக் கூப்பிட்டு அனுப்பியவள் இல்லை. பக்கத்து வீட்டு பீபி ஜான் வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கறேன், நீ ஓடு கண்ணு" என்றாள்.

ஆசிரமம் தாண்டிய அந்தச் சின்ன மண்டபத்தின் வாசலில் பேனர் கட்டியிருந்தது: 'புற்றுமண்' இருபத்தைந்தாவது இதழ். அப்பா பரசுராமன் கலெக்டர் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் நடத்தும் பத்திரிகை. மேடையில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். குரல் உயர்ந்திருந்தது.

"மொய் விருந்தாம்! நீ என்னைப் பற்றி எழுது, நான் உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று நாம் மொய் வைத்துக்கொள்கிறோமாம்! இதை எழுதியது யார்? என் தோளோடு நின்ற நண்பர்!"

அந்த நண்பர் அய்யூப், பீபி ஜானின் தம்பி, நாலாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். போன மாதம் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை. ஊரில் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்; அத்தனை பேர் வாயிலும் 'மொய் விருந்து' சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா அவளைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு மேலே பேசினார். மணிமொழி புத்தக மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். மேசைக்காரர், "சந்தாவா மேடம்?" என்றார். அப்பா காகிதத்தைப் புரட்டினார். இன்னும் பக்கங்கள் இருந்தன.

அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"அப்பா. அம்மா கூப்புடுது."

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பரசுராமன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளா கூப்ட்டா?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் கூட்டம் எதிரே வந்தது. மணிமொழி முன்னால் இடித்துக்கொண்டு போக, அப்பா பின்னால் பேசிக்கொண்டே வந்தார். "முக்கியமான எடத்துல நிறுத்திட்டேன்மா. அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லலன்னா அதுவே நெலச்சிடும்." சற்றுப் போய், "மாத்திரை குடுத்தியா?" என்றார். மறுபடியும், "ஒரே வார்த்த பாரு, எல்லாத்தையும் காலி பண்ணிட்டான்."

"வேகமா வாங்கப்பா."

கோயிலின் பே கோபுரத்தைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியபோது பீபி ஜான் வாசலில் நின்றிருந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். மணிமொழிக்கு அதற்கு மேல் நடக்கத் தோன்றவில்லை. அப்பா அவளைக் கடந்து உள்ளே போனார்.

"என்னா சொல்லிச்சு?" என்று மணிமொழி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல கண்ணு. தண்ணி கேட்டா, குடுத்தேன். வாசப் பக்கமே பாத்துனு இருந்தா."

கீழ்பென்னாத்தூரிலிருக்கும் சித்தி காசியம்மாளுக்குப் போன் பேச வேண்டும். ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். மணிமொழி கடைக்கும் வீட்டுக்கும் நடந்தபடி இருந்தாள். உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்றிருந்தது. அதற்குள் மண்டபத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கையில் புது இதழ்களோடு வந்தவர்கள் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள்.

அய்யூப் கடைசியாக வந்தார். பொன்னியின் காலடியில் நின்று, சத்தமில்லாமல் அழுதார். பரசுராமன் எழுந்து அவரிடம் போனார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் முடிக்கவே இல்ல அய்யூப். மொய் விருந்துன்னு எப்பிடிப்பா எழுதின? உனுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?"

"வுடு பரசு. இப்ப வேணாம்."

"இல்ல, சொல்லு."

அய்யூப் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அது என் வார்த்த இல்ல. அண்ணி சொன்னது. அக்கா வூட்டு மாடியில வடகம் காயவெச்சினு இருந்தாங்க. இதழ் எப்பிடி இருக்குதுன்னு சும்மா கேட்டேன். சிரிச்சிக்கினே சொன்னாங்க. என்னால அத வுட முடியல."

"டேய், இப்ப எதுக்குடா இதெல்லாம்?" என்றாள் பீபி ஜான்.

பரசுராமன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ படிப்பாளா?"

அம்மா ஒவ்வொரு இதழுக்கும் உறை போட்டு, பசை தடவி, தபால்தலை ஒட்டி முடித்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு உலைக்கு முன்னால் உட்கார்வாள். அட்டையிலிருந்து அட்டை வரை. பிடித்த கவிதையை இரண்டு தரம். பிடிக்காததை நகத்தால் ஒரு கீறு.

"எல்லாத்தையும் படிக்கும்பா."

"எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே."

மணிமொழி போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

அப்பா எதையோ மறுக்கப் போகிறவர்போல அய்யூப்பின் பக்கம் கையைத் தூக்கினார். கை அப்படியே நின்று, இறங்கியது. அய்யூப் அதைப் பிடித்துக்கொண்டார்.

வேன் வந்து நின்றது. காசியம்மாள் அலறிக்கொண்டே உள்ளே ஓடிவந்து அக்காளின் மேல் விழுந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, பெண்களெல்லாம் எழுந்து, குளிப்பாட்ட வேண்டும், ஆண்கள் வெளியே போங்கள் என்றார்கள். எல்லோரும் போனார்கள். பரசுராமன் மட்டும் போகாமல் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டார்.

யாரோ போட்ட ரோஜா மாலையிலிருந்து ஓர் இதழ் உதிர்ந்து பொன்னியின் மோவாயில் ஒட்டியிருந்தது. அவர் அதை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தார். எங்கே போடுவதென்று சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவில் நின்ற கூட்டத்துக்குள் போனார்.